500 டாலர் காரில் பதினான்கு மணி நேரம்: காசை எங்கே போடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. சாக்ரமெண்டோவில் வேலை பார்க்கும் கோவை நண்பர்கள் நான்கு பேர், ஆளுக்கு 2,500 டாலர் போட்டு 10,000 சேர்த்திருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைப் பார்த்ததிலிருந்து ஆசை. போர்ஷே எல்லாம் கட்டுப்படியாகாது என்பதால் ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்துக்கு 1990 மாடல் மாஸ்டா மியாட்டா (இரண்டு சீட் உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். எஞ்சினில் எதை மாற்றினால் வேகம் கூடும் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை வண்டி ஓடணும், அது போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள், நான் பதில் சொல்லப் போவது அந்தக் கடைசி வரிக்குத்தான். வேகத்தைக் கூட்டுவதும் ஞாயிறு மாலை வரை ஓட்டுவதும் இரண்டு வேறு வேலைகள். உங்கள் பத்தாயிரம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. படிப்பு மெக்கானிக்கல். கலிபோர்னியாவில் இந்தப் பந்தயத்தில் ஒன்பது வருடமாக ஓடுகிறேன், முதலில் ஒரு சிவிக், பிறகு ஒரு மியாட்டா. டர்போ எஞ்சின், பிஎம்டபிள்யூ இரண்டிலும் என் கை பட்டதில்லை. வெல்டிங்கும் நான் செய்வதில்லை. ஆகவே கீழே சொல்வது சின்ன ஜப்பானிய நாலு சிலிண்டர் வண்டிகளை வைத்துக் கற்றது. வேறு வண்டி வாங்கினால் அந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். லெமன்ஸ் என்பது 2006-ல் ஜே லாம் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கியது. பிரான்சின் லெ மான் பந்தயப் பெயரையும், ஓட்டை வண்டியை அமெரிக்கர்கள் ‘லெமன்’ என்று சொல்வதையும் சேர்த்து வைத்த பெயர். வண்டியின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதற்கு மேல் போனதாக நடுவர்கள் நினைத்தால் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று கழிப்பார்கள். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்களும் பிரேக், சக்கரம், டயரும் இந்தக் கணக்கில் வராது. பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலான பந்தயங்கள் சனி, ஞாயிறு இரண்டு பகலாகப் பிரித்து மொத்தம் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓடும். அதிகச் சுற்று ஓடியவர் முதலிடம், அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு மணி நேரத்தில் 360 சுற்று. எஞ்சினில் இரண்டாயிரம் டாலர் செலவழித்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடி மிச்சப்படுத்தினால், வாரக்கடைசி முழுவதிலும் உங்களுக்குக் கிடைப்பது ஆறு நிமிடம், அதாவது இரண்டரைச் சுற்று. அதே நேரம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து வண்டி ஒரு மணி நேரம் பிட்டில் (பெட்ரோல் போட்டுப் பழுது பார்க்கும் இடம்) நின்றால் போவது இருபத்தைந்து சுற்று. ஓட்டுபவர் ஒருமுறை தடத்தை விட்டு வெளியே போய்க் கறுப்புக் கொடி (தவறுக்காக உள்ளே வரச் சொல்லும் கொடி) வாங்கி, நடுவர்களிடம் பேசிவிட்டுத் திரும்பப் பத்து நிமிடமானால் நாலு சுற்று. ஒன்பது வருடத்தில் எங்களுக்கு மேலே முடித்த வண்டிகளில் பாதிக்கு மேல் எங்களைவிட மெதுவான வண்டிகள். அவர்கள் நிற்கவில்லை, நாங்கள் நின்றோம். எஞ்சினைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடிய அடுத்த விஷயம்: வண்டியை வெறுமையிலிருந்து கட்டாதீர்கள். ஏற்கனவே கேஜ் போட்டு, இரண்டு மூன்று பந்தயம் ஓடிய வண்டியை வாங்குங்கள். எங்கள் முதல் சிவிக்கை 400 டாலருக்கு வாங்கிப் பெருமைப்பட்டோம். கேஜுக்கு ஆனது 3,200. சீட், பெல்ட், தீயணைப்பு அமைப்பு, கில் சுவிட்ச் (அவசரத்தில் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் சுவிட்ச்) எல்லாம் சேர்த்து இன்னொரு 1,800. இத்தனைக்கும் வண்டி ஒரு சுற்றுகூட ஓடியிருக்கவில்லை. குடும்பம், வீடு மாற்றம் என்று பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் முழு வண்டியை, உதிரிச் சாமான் பெட்டியோடு, கட்டிய செலவில் பாதிக்கு விற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி வாங்கும்போதும் கேஜின் குழாய் அளவும் வடிவமும் இந்த வருட விதிப்புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும். வண்டியின் எடையைப் பொறுத்துக் குழாயின் கனம் மாறும். மியாட்டாவுக்குச் சாலையில் ஓட்டுபவர்கள் போடும் பின்பக்க ரோல் பார் ஒன்று விற்கிறது. அது மட்டும் இங்கே போதாது. முன் கம்பி, கதவுக் கம்பிகள் எல்லாம் சேர்ந்த முழுக் கேஜ் வேண்டும். உங்களில் உயரமானவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, கேஜின் பின் வளைவிலிருந்து முன் வளைவுக்கு ஒரு துடைப்பக் கம்பை மேலே வைத்துப் பாருங்கள். தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். மியாட்டாவில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வாங்குவதற்கு முன்பே சோதியுங்கள்.

பாதுகாப்பில் இன்னும் இரண்டு. ஹெல்மெட் வாங்கும்போது ஸ்நெல் என்ற தரச்சோதனை அமைப்பின் ‘எஸ்ஏ’ முத்திரை உள்ளதை வாங்குங்கள். ‘எம்’ முத்திரை மோட்டார் சைக்கிளுக்கானது, அதற்குத் தீப்பிடிக்கும் சோதனை கிடையாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனமும் தீத்தாங்கும் உடையும் ஆளுக்கு ஆள் தனி. இந்தச் செலவை 10,000-க்கு வெளியே வையுங்கள். அடுத்தது கில் சுவிட்ச். புதியவர்கள் பாட்டரி கம்பியை மட்டும் வெட்டுகிற சுவிட்ச் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஓடும் எஞ்சினில் பாட்டரியைப் பிரித்தாலும் ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் நிற்காது. ஆல்டர்னேட்டரையும் சேர்த்துத் துண்டிக்கும் வகைச் சுவிட்ச் வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் வைத்துச் சுவிட்சைத் திருப்புங்கள், உடனே நிற்க வேண்டும். பந்தயத்துக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையில் கேட்பதும் இதைத்தான். விபத்தில் கவிழ்ந்து கிடக்கும் வண்டியில் பெட்ரோல் பம்பை நிறுத்துவதும் இதுதான். கூடவே, எஞ்சின் அறைக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே உள்ள தகட்டில் எங்கெங்கே பழைய ஓட்டை இருக்கிறதோ எல்லாவற்றையும் தகடு வைத்து மூடுங்கள். தீ மட்டுமில்லை, புகையும் உள்ளே வரும். இரண்டு மணி நேரம் அதைச் சுவாசித்தால் ஓட்டுபவருக்குத் தலை சுற்றும்.

இனி வண்டியை நிற்க வைப்பவை. முதல் இடம் சூட்டுக்கு. இதில் மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இதில் போனது. தண்டர்ஹில் தடம், வில்லோஸ் ஊருக்கு வெளியே, கோடை. அந்தப் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடும். சனிக்கிழமை நாலாவது மணி நேரம், நண்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் கேட்டேன், “டெம்பரேச்சர் எப்படி இருக்கு?” “சூப்பரா இருக்கு, முள்ளு இன்னும் கீழ இறங்கிடுச்சு” என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த சுற்றில் வண்டிக்கு இழுவை இல்லை என்றார். அதற்கடுத்த சுற்றில் அவரே வந்து நின்றார், பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. மியாட்டாவில் எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் ஒன்று உண்டு. அது இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. கழற்றிப் பிதுக்கிப் பார்த்தால் உள்பக்கம் ஆயில் ஊறி ஊத்தப்பம் மாதிரி உப்பியிருந்தது. பதினைந்து டாலர் சாமான். தண்ணீர் முழுக்க வெளியே போனதும் சூட்டை அளக்கும் சென்சார் காற்றில் நின்றது, தண்ணீர் தொடாததால் முள் இறங்கியது. முள் இறங்கியதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்த அந்த இரண்டு சுற்றில் சிலிண்டர் ஹெட் வளைந்தது. ஞாயிறு முழுக்க மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் குளிர்நீரின் அழுத்தத்துக்கென்று தனி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அழுத்தம் விழுந்தால் ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, எலுமிச்சை அளவு சிவப்பு விளக்கு எரியும். ஆயில் பிரஷருக்கும் அதேபோல ஒன்று. பந்தயத்தில் இரண்டு பக்கமும் வண்டி வரும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்ப்பார்கள். “விளக்கு எரிந்தால் யோசிக்காதே, எஞ்சினை நிறுத்து, ஓரம் கட்டு” என்பதை ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஏறுவதற்கு முன் சொல்கிறோம். 1995 முதல் வந்த மியாட்டாவில் டாஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் முள் உண்மையில் அளப்பதில்லை, ஒரு சுவிட்சுக்கு ஏற்ப நடுவில் நிற்கும் அல்லது விழும், அவ்வளவுதான். உங்கள் 1990 மாடலில் அது நிஜமாகவே அளக்கும். இருந்தாலும் விளக்கைப் போடுங்கள்.

எல்லா ஹோஸையும், எல்லா கிளாம்பையும், ரேடியேட்டர் மூடியையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள இடைவெளிகளை அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அடையுங்கள். காற்று சுற்றிப் போகாமல் ரேடியேட்டருக்குள்தான் போக வேண்டும். இருபது டாலர் செலவில் பெரிய ரேடியேட்டர் வாங்கிய பலன் பாதி கிடைக்கும். மியாட்டா எஞ்சின் குறுக்கே வைக்கிற கார்களுக்காக வடிவமைத்தது. அதை நீளவாக்கில் வைத்தபோது தண்ணீர் வெளியேறும் வழியை மாஸ்டா முன்பக்கம் மாற்றியது. அதனால் பின் சிலிண்டர்கள் கூடுதலாகச் சூடாகும். அந்த வழியைப் பழையபடி பின்னுக்குக் கொண்டுபோகும் மாற்றத்தைப் பலர் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். அது இல்லாமலேயே பல வருடம் ஓடுகிற வண்டிகளும் இருக்கின்றன. முதல் வருடத்தில் அதற்குக் காசு ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு உண்டு. நான் கழற்றுவதில்லை.

ஆயில் விஷயம் சுருக்கமாக. சோனோமா பந்தயத் தடத்தில் ‘கரோசல்’ என்று ஒரு நீண்ட வளைவு இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் சில கணங்கள் காற்றை உறிஞ்சும். கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) பேரிங் போவது அப்போதுதான். அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி ஓட்டுவது நாங்கள் செய்யும் எளிய வழி. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சம்புக்குள் தடுப்புத் தகடு வெல்டு செய்வது நல்லது. ஆயில் கூலர் நாலு சிலிண்டர் வண்டிக்குக் கட்டாயமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம். கூலரின் இணைப்பு கழன்று எஞ்சின் போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பிரேக்கில் தாராளமாகச் செலவழியுங்கள், அது 500 டாலர் கணக்கில் வராது. சாலை வண்டிக்கான பேட் இங்கே அரை மணி நேரத்தில் பொடியாகிவிடும். பந்தயப் பேட் வாங்கி, டிஸ்க்கில் முறைப்படி படிய வைத்த பிறகே ஓட்டுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும், பாட்டில் புதிதாக உடைத்து, முழுவதும் மாற்றுங்கள். பாதி பாட்டிலை அடுத்த பந்தயத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

வீல் பேரிங்கும் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்டும் நுகர்பொருள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மியாட்டாவின் முன் ஹப் (பேரிங்கோடு சேர்ந்த சக்கரத்தின் நடுப்பகுதி) சீல் வைத்தது, கிரீஸ் போட முடியாது, மாற்றத்தான் முடியும். போவதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் போகும். நீண்ட வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்திலிருந்து மாவு மில் ஓடுவது போல ஒரு ரீங்காரம் கேட்கும், வளைவு முடிந்ததும் அடங்கும். ஒவ்வொரு பிட் ஸ்டாப்பிலும் நான்கு ஹப்பையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இடது வலது ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட ஆரம்பித்தால் அன்று இரவே மாற்றிவிடுங்கள். அந்த நோட்டு எங்களுக்கு மிகவும் உதவியது. எந்த ஹப் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த டிஸ்க்கில் விரிசல் தொடங்கியது, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோது உலோகத் துகளின் மினுமினுப்பு இருந்ததா என்று எல்லாம் தேதியோடு எழுதுவோம். டிஸ்க் விரிசலில் நகம் மாட்டினால் அந்த டிஸ்க் குப்பைக்கு. இறுக்கிய ஒவ்வொரு முக்கிய போல்ட்டின் மீதும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. டார்ச் அடித்தாலே தெரியும், ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை.

பெட்ரோலும் ஓட்டுபவரும் சேர்ந்தே வரும் விஷயம். பழைய மியாட்டா டேங்க் 45 லிட்டர். எங்கள் வண்டி ஒரு மணிக்கு 18 முதல் 20 லிட்டர் குடிக்கிறது, ஆக ஒருவர் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் வளைவுகளில் எஞ்சின் திக்கும். அது எந்த அளவில் தொடங்குகிறது என்பதைப் பயிற்சி நாளிலேயே கண்டுபிடியுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது ஓட்டுநர் வெளியே இருக்க வேண்டும், எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும், ஒருவர் தீயணைப்பானோடு முழு உடையில் நிற்க வேண்டும். இதை வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீர் கேனை வைத்து நான்கு பேரும் பத்து முறை ஒத்திகை பாருங்கள். இரண்டு மணி நேரம் தீத்தாங்கும் உடையில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீரோடு உப்பும் இழக்கிறார். நாங்கள் மோரில் உப்புப் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவோம். பக்கத்து அணி அமெரிக்கர்களும் இப்போது கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

கோவைக்காரர்கள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவரதன் எண்பதுகளில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டியவர். கையில் கிடைக்கும் எஞ்சின், உள்ளூர்ப் பட்டறை, கட்டுப்படியாகும் விலை என்று பந்தயத்தை அவர் யோசித்த விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதையே பாருங்கள்: சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அந்த ஊர் உதிரிபாகக் கடையில் உங்கள் வண்டிக்குப் பாகம் கிடைக்குமா? கிடைக்கும் வண்டியை வாங்குங்கள்.

பத்தாயிரத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கேஜ் போட்ட வண்டிக்கு 5,500 வரை (இதில் பெரும்பகுதி 500 டாலர் கணக்கில் வராத கேஜுக்கும் பாதுகாப்புச் சாமானுக்கும்). அதன் பெல்ட் தேதி முடிந்திருந்தால் புதிது, பிரேக், டயர், ஹோஸ், இரண்டு முன் ஹப், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் 2,000. மீதி நுழைவுக் கட்டணம், பெட்ரோல், டிரெய்லர் வாடகை. விலை ஊருக்கு ஊர் மாறும், ஆகையால் இதை ஒரு தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஒருமுறை தண்டர்ஹில்லுக்கு வாருங்கள், உங்களிடமிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பிட்டில் யாருக்காவது ஜாக்கி பிடித்துக் கொடுங்கள். ஒரு நாளில் நான் எழுதியதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

அப்புறம், பார்த்து வைத்திருக்கும் அந்த 1990 வண்டி. 1990-லும் 1991-ன் தொடக்கத்திலும் வந்த மியாட்டாக்களில் கிராங்க்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) முன் மூக்கு குட்டையானது, புல்லி போல்ட் தளர்ந்தால் சாவிக்காடி (புல்லியைப் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து கிராங்க்கே வீணாகும். முன்னாலிருந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள்: நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிந்தைய நீளமானது. டார்ச் கொண்டுபோய் எண்ணிவிட்டு எழுதுங்கள் தம்பி, அதை வைத்து அந்த வண்டி வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம்.